பிள்ளையின் தோளுக்கு ஏற்ற எடை குறைந்த ஏர் ரைபிள்: மண்டபம் கரையிலிருந்து ஒரு வழிகாட்டி

என் மகளுக்கு வயது 13, உடல் எடை 34 கிலோ. பள்ளி விளையாட்டு விழாவில் ஏர் ரைபிள் சுடுவதைப் பார்த்துவிட்டு வந்து தனக்கும் ஒன்று வேண்டும் என்றபோது, ஒரு கடைக்குப் போய் வாங்கி வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்புக்கு ஒன்றரை ஆண்டும் இருபத்தோராயிரம் ரூபாய் வீண்செலவும் ஆயின. எடை குறைந்த ரைபிள் அமைப்பது பற்றி இணையத்தில் கிடைக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு மலை வேட்டைக்காரர்களுடையவை. அவர்கள் சொல்லும் எடைக் கணக்கு நமக்கும் பயன்படும், ஆனால் மற்றவை பயன்படா. ஆகவே இராமநாதபுரம் கடற்கரையில் இருந்துகொண்டு, இலக்குச் சுடும் விளையாட்டுக்காக, சிறு பிள்ளையோ தோள் வலுவில்லாத பெரியவரோ தூக்கக்கூடிய ரைபிள் ஒன்றை எப்படி அமைத்துக்கொள்வது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் சட்டத்தின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

படைக்கல விதிகள் 2016-இன்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ. அளவுக்குள்ளும் முகப்பு ஆற்றல் (குழல் முனையை விட்டு வெளியேறும்போது குண்டுக்கு உள்ள ஆற்றல்) 20 ஜூலுக்குள்ளும் இருக்கும் ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. இந்த இரண்டில் ஒன்று தாண்டினாலும் அதை வாங்கவே வாங்காதீர்கள். 5.5 மி.மீ. ரைபிளை, ‘இதுவும் ஏர் கன்தானே’ என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். பின்னால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

ஜூல் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். பெல்லட்டின், அதாவது ஏர் ரைபிளில் போடும் சிறு ஈயக் குண்டின், எடையைக் கிலோவில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் போதும். போட்டிக்குப் பயன்படும் 0.51 கிராம் பெல்லட் நொடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போனால் ஏறத்தாழ 7.8 ஜூல். அதே பெல்லட் 280 மீட்டர் வேகத்தில் போனால் 20 ஜூலைத் தொட்டுவிடும். பத்து மீட்டர் தூரத்துத் தாள் இலக்குக்கு முதல் அளவே போதும். எனவே ‘வேகம் அதிகம்’ என்பதை விளம்பரமாகச் சொல்லும் ரைபிள் நமக்கு வேண்டியதில்லை.

வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972 நடைமுறையில் இருக்கும் நாட்டில், நம் ஊர்க் கண்மாய்க் கரையில் ஓடும் முயலும் கௌதாரியும் மயிலும் அந்தச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி, எழுத்து மூலம் அனுமதி பெறாமல் எந்த ஆயுதத்துடனும் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. நம் மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் எனப் பறவைகள் சரணாலயங்கள் பல இருக்கின்றன, தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென 2025-இல் ஒன்று அறிவிக்கப்பட்டது, கடலுக்குள் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் உள்ளன. ‘ஆள் இல்லாத இடம்’ என்று நாம் நினைக்கும் பல இடங்கள் இவற்றின் எல்லைக்குள் வரும் என்பதால், பயிற்சிக்கென்று வெட்டவெளி தேடிப் போகும் எண்ணத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள்.

2. சுருள்வில் வகையா, அழுத்தக் காற்று வகையா

நான் பணத்தை விட்ட இடம் இதுதான். சுருள்வில் வகையில் குழலை மடக்கி வில்லை அழுத்த வேண்டும். விலை குறைவு, வேறு கருவி எதுவும் வேண்டாம். ஆனால் விசையை அழுத்தியதும் உள்ளே கனமான பிஸ்டன் ஒன்று முன்னே பாய்ந்து நிற்பதால், ரைபிள் முதலில் பின்னுக்கும் பிறகு முன்னுக்குமாக இரண்டு முறை உதறும். அந்த உதறலை அடக்கி வைத்திருப்பது ரைபிளின் எடைதான். நான் அதைப் புரிந்துகொள்ளாமல், 3.4 கிலோ இருந்த சுருள்வில் ரைபிளின் கட்டையை (தோளில் வைத்துப் பிடிக்கும் மரப் பகுதியை) இழைத்து இழைத்து 2.9 கிலோவுக்குக் கொண்டுவந்தேன். பிள்ளை சிரமமில்லாமல் தூக்கினாள். ஆனால் முன்பு ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்த குண்டுகள் அதன் பிறகு உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. குழலை மடக்க அவள் கைக்கு வலுவில்லாததால் ஒவ்வொரு முறையும் நானே மடக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது என்பது வேறு.

பி.சி.பி. எனப்படும் அழுத்தக் காற்று வகையில் சிலிண்டரில் அடைத்த காற்று வால்வு வழியே வெளியேறுகிறது, அவ்வளவுதான். உதறல் மிகக் குறைவு என்பதால் எடையைக் குறைத்தாலும் குறி கெடாது. எடை குறைக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் இந்த வகையைத்தான் வாங்க வேண்டும், பணம் போதவில்லை என்றால் சேரும்வரை காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் துப்பாக்கி சுடும் கிளப்பில் வாடகை ரைபிளில் சுடலாம். மலிவான சுருள்வில் ரைபிளை வாங்கி அதை இழைப்பது, கட்டுமரத்தைச் செதுக்கி வள்ளமாக்கப் பார்ப்பது போன்றது.

3. தாள்கள்

உரிமம் வேண்டாம் என்பதால் தாளும் வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். விற்பவர் உங்களிடம் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் புகைப்படமும் கேட்டு வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். அவற்றைக் கேட்காமல் விற்பவரிடம் வாங்காதீர்கள். பில் பெரியவர் பெயரில் இருக்கட்டும். பில்லில் தயாரிப்பாளர் பெயர், மாடல், குழல் விட்டம், ரைபிளில் பொறித்திருக்கும் வரிசை எண் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். முகப்பு ஆற்றல் 20 ஜூலுக்குள் என்று தயாரிப்பாளர் தரும் சான்றுத் தாள் ஒன்று பெட்டிக்குள் இருக்கும், அல்லது கேட்டால் மின்னஞ்சலில் அனுப்புவார்கள்.

என் முதல் பில்லில் ‘விளையாட்டுப் பொருள் – 1’ என்று மட்டும் எழுதியிருந்தது. மதுரையிலிருந்து திரும்பும்போது வழியில் இருந்த சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். இலங்கையைப் பார்த்த கடற்கரை இது, நீளமான பையைக் கண்டால் திறக்கச் சொல்வது அவர்கள் வேலை. ‘இது எந்தத் துப்பாக்கிக்கு உள்ள பில்?’ என்று கேட்டார்கள், என்னிடம் பதில் இல்லை. கடைக்காரர் தொலைபேசியை எடுத்து வரிசை எண்ணைச் சொல்லும்வரை மூன்று மணி நேரம் பிள்ளையுடன் அங்கே உட்கார்ந்திருந்தேன். இப்போது பில், ஜூல் சான்று, என் ஆதார், மகளின் கிளப் அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையின் மேல் அறையில் வைத்திருக்கிறேன், மூலங்கள் வீட்டில் இருக்கின்றன. பயணத்தில் ரைபிள் உறைக்குள், பெல்லட் டப்பா வேறு பையில், இதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கிளப்பில் சேர எங்களிடம் பிறப்புச் சான்று, பள்ளியின் படிப்புச் சான்று, பெற்றோர் ஒப்புதல் கடிதம், ஆறு புகைப்படங்கள் கேட்டார்கள். பிறப்புச் சான்றிலும் ஆதாரிலும் பெயரின் முதலெழுத்து வேறுபட்டிருந்ததால் அதைத் திருத்தவே ஐந்து வாரம் போயிற்று. ரைபிள் தேடத் தொடங்கும் முன்பே இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. எடையைப் பிரித்து நிறுத்துப் பாருங்கள்

மொத்த எடை ஒன்றும் சொல்லாது. சமையலறைத் தராசு ஒன்றை எடுத்து, பயனர் கையேட்டைப் பார்த்து, கழற்றக்கூடிய பாகங்களைத் தனித்தனியே நிறுத்துத் தாளில் எழுதுங்கள். எங்கள் ரைபிளின் கணக்கு இது: குழலும் சிலிண்டரும் இயங்கு பகுதியும் (வால்வும் விசையும் உள்ள உலோகப் பகுதி) சேர்ந்து 2.30 கிலோ, பீச் மரக் கட்டை 1.12 கிலோ, அலுமினியத் தோள்தட்டு 140 கிராம், முன்னும் பின்னும் உள்ள குறிபார்க்கும் பாகங்கள் 240 கிராம், ஆக மொத்தம் 3.80 கிலோ. பன்னாட்டு விதிப்படி பத்து மீட்டர் ஏர் ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம், பெரிய வீரர்கள் எடையை விரும்பிக் கூட்டிக்கொள்வதும் உண்டு. ஆனால் 60 குண்டுகளைச் சுடும் ஒரு போட்டியில் 34 கிலோப் பிள்ளைக்கு 3.80 கிலோ என்பது நாற்பதாவது குண்டிலேயே இடுப்பை வளைக்க வைக்கும்.

தொலைநோக்கி மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். அது போட்டியில் அனுமதியும் இல்லை, தாங்கியோடு சேர்த்துச் சாதாரணமாக அரைக் கிலோவுக்கு மேல் வரும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

அடுத்து, சமநிலைப் புள்ளியைப் பாருங்கள். ஒரு கயிற்றில் சுருக்குப் போட்டு ரைபிளைத் தொங்கவிட்டு, அது படுக்கையாக நிற்கும் இடத்தில் வண்ண நாடா ஒட்டுங்கள். நின்று சுடுபவரின் இடக்கை தாங்கும் இடத்துக்கு அந்த நாடா மிக முன்னால் இருந்தால், ரைபிள் உண்மையில் இருப்பதைவிடக் கனமாகத் தோன்றும். எங்கள் பயிற்சியாளர் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது: “சார், எத்தனை கிலோன்னு பாக்காதீங்க. எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பாருங்க.” எடையைக் குறைப்பதென்றால் முன் பக்கத்தில்தான் முதலில் குறைக்க வேண்டும்.

குழலையும் வால்வையும் அழுத்தச் சீராக்கியையும் விசையையும் தொடக் கூடாது. ஆற்றல் மாறினால் மேலே சொன்ன சட்ட எல்லையே மாறிவிடும், சிலிண்டரின் உலோகத்தை இழைப்பது உயிருக்கு ஆபத்து. நம் கைக்கு எட்டுவது கட்டையும் தோள்தட்டும் மட்டுமே.

5. கட்டை செய்தல்

பழைய கட்டையைச் செதுக்காதீர்கள். அதைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, அதையே அச்சாகக் கொண்டு புதிதாக ஒன்று செய்யுங்கள். விற்க நேர்ந்தாலோ பழுது என்று தயாரிப்பாளருக்கு அனுப்ப நேர்ந்தாலோ மூலக் கட்டை வேண்டும்.

மரத்தைத் தேர்வது பாதி வேலை. பீச் மரம் ஒரு லிட்டர் அளவுக்கு ஏறத்தாழ 700 கிராம் இருக்கும், தேக்கு 650. நம் பக்கத்துப் பூவரசு வள்ளத்தின் உள்கால்களுக்கு நல்லதே தவிர, எடையில் மிச்சம் எதுவும் இல்லை. குமிழ் மரம் 450-இலிருந்து 480-க்குள் வரும், காய்ந்த பிறகு வளைவதும் வெடிப்பதும் குறைவு. நான்கு விரல் தடிமனில் முடிச்சில்லாத பலகையாகக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் இருமுனையிலும் மெழுகோ பெயின்ட்டோ பூசி, நிழலில் குறைந்தது மூன்று மாதம் போட்டு வையுங்கள். மாதம் ஒரு முறை நிறுத்து எழுதுங்கள். எடை இறங்குவது நின்ற பிறகே அறுக்கலாம். நான் ஆறு வாரத்தில் அவசரப்பட்டு அறுத்த முதல் பலகை, செதுக்கிய பிறகு முறுக்கிக்கொண்டது.

குமிழின் குறை அதன் மென்மை. ரைபிளின் இயங்கு பகுதியைக் கட்டையோடு பிடிக்கும் இரண்டு திருகாணிகளை முறுக்கும்போது மரம் நசுங்கும், நசுங்க நசுங்கத் திருகாணி தளரும், குறி நாளுக்கு நாள் இடம் மாறும். இதற்கு மருந்து, திருகாணி போகும் துளையில் அலுமினியக் குழாய்த் துண்டு ஒன்றைத் தூணாக நிறுத்துவது. உலோகத்தின் மேல் உலோகம் உட்கார்ந்துவிட்டால் மரத்தின் மேல் அழுத்தம் போகாது. வெளிநாட்டு மலை ரைபிள்களிலும் எடை குறைந்த கட்டைக்கு இதைத்தான் செய்கிறார்கள். குழாயின் நீளம் கட்டையின் தடிமனைவிடத் தலைமயிர் அளவுகூடக் குறையக் கூடாது.

கட்டையைச் செதுக்கி, இயங்கு பகுதியை அதில் அசையாமல் பதிக்கும் வேலையை எனக்கு முடித்துக் கொடுத்தவர்கள் இருவர். செதுக்கியவர் வள்ளம் கட்டும் ஆசாரி. குழாய்த் தூணைச் சுற்றியும் இயங்கு பகுதி உட்காரும் பள்ளத்திலும் பிசின் ஊற்றியவர், கரையில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போடும் ஒரு தம்பி. பிசின் ஊற்றும் முன் உலோகத்தின் மேல் மெழுகு பூசாவிட்டால் ரைபிளும் கட்டையும் ஆயுளுக்கும் பிரியா. அந்தத் தம்பி படகு அச்சுக்குப் பூசும் மெழுகை மூன்று முறை பூசி, ஒவ்வொரு முறையும் லுங்கித் துணியால் தேய்த்து, விசைப் பகுதியின் ஓட்டைகளையெல்லாம் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணால் அடைத்துவிட்டுத்தான் பிசினைக் கலந்தார். “கெட்டியாக்குற மருந்தக் கொஞ்சமா ஊத்துவோம் சார், இது மெதுவா எறுகினாத்தான் சூடாகாது” என்றார். மறுநாள் காலை கட்டையைத் தலைகீழாகப் பிடித்து மரச்சுத்தியால் இரண்டு தட்டு தட்டியதும் இயங்கு பகுதி கழன்று கையில் வந்தது. பள்ளத்தில் அதன் வரிசை எண்கூடத் தலைகீழாகப் பதிந்திருந்தது. கன்னம் வைக்கும் மேட்டையும் அவரே கண்ணாடி நார்ப் பாயில் உள்ளீடற்ற கிண்ணம் போலச் செய்து கொடுத்தார், 60 கிராம்தான்.

சோதனை எளிது. எல்லாவற்றையும் முறுக்கிய பிறகு, ஒரு பஸ் டிக்கெட்டை மடிக்காமல் சிலிண்டருக்கும் கட்டையின் முன்பகுதிக்கும் இடையில் செருகி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்கேயாவது சிக்கினால் அந்த இடத்தில் உப்புத்தாளால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் போதும்.

நீளத்தை முழங்கையின் உள்மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை அளந்து வையுங்கள். பிள்ளை வளர்வாள் என்பதால், கட்டையைக் குட்டையாகவே செய்து, தோள்தட்டுக்கு அடியில் ஒவ்வொன்றாகச் சேர்க்கக்கூடிய 5 மி.மீ. வில்லைகள் வையுங்கள். செதுக்கும் முன் போட்டி விதியின் கட்டை அளவுகளைக் கிளப்பில் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது, செய்த பிறகு அறுப்பது வலிக்கும்.

எங்களுக்கு வந்த புதுக் கட்டை கன்னமேட்டோடு 740 கிராம், ரப்பர்த் தோள்தட்டு 90 கிராம், மொத்த ரைபிள் 3.37 கிலோ. அதாவது 430 கிராம் குறைந்தது. ஆனால் சுட்டுப் பார்த்தபோது முன்பக்கம் மிகவும் இலேசாகி அலைந்தது, ஆகவே முன்கட்டையின் அடியில் 50 கிராம் ஈயத் தகட்டைத் திரும்ப ஒட்டினோம். 3.42 கிலோவில் நிற்கிறது.

6. உப்புக்காற்றும் சிலிண்டர்க் காற்றும்

கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு என்றால், எண்ணெய் பூசாத எஃகு நாலே நாளில் பழுப்புப் புள்ளி காட்டும். சுட்டு முடித்ததும் கைரேகை பட்ட இடமெல்லாம் எண்ணெய்த் துணியால் துடையுங்கள். பஞ்சு வைத்த பெட்டியிலேயே ரைபிளை மூடி வைப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. பஞ்சு ஈரத்தை உறிஞ்சி உலோகத்தோடு சேர்த்து அணைத்துக்கொள்ளும். பெட்டி பயணத்துக்கு மட்டும் இருக்கட்டும். வீட்டில் பூட்டிய மர அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு நிமிர்த்தி வையுங்கள். ஈயப் பெல்லட்டும் வெண்மையாகப் பூத்துப்போகும், சிறு டப்பாக்களாக வாங்குங்கள். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளை எதையும் தின்னக் கூடாது.

சிலிண்டரை 200 பார் (காற்றழுத்த அளவு) வரை நிரப்ப வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரில் பத்துப் பார் வருவதே அரிது, ஆகவே அதற்கென உள்ள கைப்பம்பு வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஈரம் உறிஞ்சும் வடிகட்டி உள்ள பம்பாக வாங்குங்கள். வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் உருளையைக் காட்டி ‘ஒரு நிமிஷத்துல நிரப்பித் தர்றேன்’ என்று யாராவது சொன்னால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். எண்ணெய்ப் பசை உள்ள இடத்தில் அழுத்த ஆக்சிஜன் வெடிக்கும். சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள், போட்டி ரைபிள்களின் அலுமினியச் சிலிண்டருக்குப் பொதுவாகப் பத்து ஆண்டுதான் ஆயுள். பழைய ரைபிளை மலிவாகத் தருகிறார்கள் என்றால் முதலில் அந்தத் தேதியைக் கேளுங்கள்.

7. காலமும் செலவும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறும் அந்த 61 நாளில் ஆசாரிக்கும் ஃபைபர் வேலைக்காரருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது, உங்கள் கட்டை ஒரு மூலையில் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வார்னிஷ் காயாது, கை வைத்தால் ஒட்டும். ஆகவே பலகையை மழைக்கு முன்பே வாங்கிக் காய வைத்து, வேலையைத் தை முதல் பங்குனி நடுப்பகுதிக்குள் முடித்துவிடுவது சரி. தவறினால் ஆடி, ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம்.

நான் செலவழித்தது: ரைபிள் 62,000 ரூபாய், கைப்பம்பு 9,500, குமிழ்ப் பலகை 1,400, ஆசாரி கூலி 4,500, பிசினும் நாரும் 850, வார்னிஷ் 600, பை 2,200, ஆக மொத்தம் 81,050. முறுக்கிக்கொண்ட பலகையும் சுருள்வில் ரைபிளும் இந்தக் கணக்கில் இல்லை. ஆசாரிக்கு நாள் கூலி பேசாமல் வேலைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். அவர் இதுவரை செய்யாத வேலை இது, முதல் இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருப்பார்.

8. வீட்டில் பயிற்சி

பத்து மீட்டர் நீளத்துக்கு இரு பக்கமும் சுவர் உள்ள இடம் வேண்டும். தென்னங்கீற்று வேலியும் தகரமும் தடுப்பு ஆகா. கீற்றைப் பெல்லட் துளைத்துப் போகும், தகரத்தில் பட்டால் திரும்பி வரும். மரப்பெட்டியில் பழைய துணிகளை அடைத்து, பின்பக்கம் தடித்த பலகை வைத்து, அதைச் செங்கல் சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள். சுடும் பாதையில் வாசலோ சன்னலோ திறக்கக் கூடாது. அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் முக்கியம். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா முதல் நாள் சத்தம் கேட்டுப் பதறிப்போனார், இப்போது மாலை ஐந்து மணியானால் தன் கோழிகளைப் பிடித்துக் கூட்டில் அடைத்துவிட்டு, ‘சரி, சுடச் சொல்லுங்க’ என்று மதிலுக்கு மேலே எட்டிச் சொல்கிறார்.